பால் வண்டியும் நிழல் விலையும்

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். பால் பண்ணையிலிருந்து ஒரு லாரி புறப்பட்டுப் பத்துக் கிராமங்களுக்குச் சென்று பால் சேகரித்துத் திரும்ப வேண்டும். எந்த வரிசையில் சென்றால் தூரம் குறையும்? பத்துக் கிராமங்களை 36,28,800 வரிசைகளில் சுற்றிவரலாம். கிராமங்கள் பதினைந்தானால் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடியைத் தாண்டிவிடும். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று வகுப்பறைகளில் வழங்கும் செயல்பாட்டு ஆய்வு, இத்தகைய காட்டுக்குள் நல்ல வழியைத் தேடும் முறைகளைக் கற்பிக்கிறது. ஊரக மேலாண்மை மாணவருக்கு இது வெறும் புதிரன்று. கோடை வெயிலில் கறந்த பால் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும்.

இப்போது கணக்கில் ஒரு சிறு மாற்றம் செய்வோம். பத்தாவது கிராமம் மற்றவற்றிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அங்கே கிடைப்பது நாற்பது லிட்டர் பால்தான் என்று வைத்துக்கொள்வோம். செலவைக் குறைப்பது மட்டுமே குறிக்கோள் என்றால், கணிதம் தரும் விடை தெளிவானது: அந்த ஊரை விட்டுவிடு. விடையில் பிழை இல்லை. கேள்வி சரியானதுதானா என்பதே இக்கட்டுரையின் கவலை. இந்தத் துறையின் வரலாறும் ஏறத்தாழ இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

செயல்பாட்டு ஆய்வு வகுப்பறையில் பிறக்கவில்லை. 1930களின் இறுதியில் ரேடாரைப் போர்முறைக்குப் பொருத்தும் முயற்சியில் பிரிட்டனில் இச்சொல் புழக்கத்துக்கு வந்தது. 1940இல் இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட் விமான எதிர்ப்புப் படைக்காகத் திரட்டிய குழுவில் உடலியங்கியல் அறிஞர்களும் கணிதவியலாளர்களும் ஒரு நில அளவையாளரும்கூட இருந்தனர். ‘பிளாக்கெட்டின் சர்க்கஸ்’ என்று அதைக் கேலியாக அழைத்தார்கள்.

அவர்களது வேலைமுறைக்கு ஓர் உதாரணம் போதும். நீர்மூழ்கிக் கப்பல்கள் மீது விமானங்கள் வீசிய குண்டுகள் நூறடி ஆழத்தில் வெடிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. விமானத்தைக் கண்டதும் கப்பல் மூழ்கிவிடும், குண்டு விழுவதற்குள் அது ஆழத்துக்குப் போயிருக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பிளாக்கெட்டின் சகா இ.ஜே. வில்லியம்ஸ் தாக்குதல் அறிக்கைகளை ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார். ஆழத்துக்குப் போய்விட்ட கப்பல் எங்கே இருக்கிறது என்பதே விமானிக்குத் தெரியாது. அங்கே குண்டு வீசிப் பயனில்லை. இருப்பிடம் தெரிவது கப்பல் மேற்பரப்பிலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கும்போது மட்டுமே. அப்போதோ குண்டு ஆழத்தில் சென்று வீணாக வெடித்தது. வெடிக்கும் ஆழம் 25 அடியாகக் குறைக்கப்பட்டதும் தாக்குதல்களின் பலன் பன்மடங்கு கூடியது. குண்டில் வெடிமருந்து இரட்டிக்கப்பட்டுவிட்டது என்று ஜெர்மானியர்கள் எண்ணினார்கள். இங்கே கணிதம் எளிமையானது. களத்தின் தரவுகளைப் பார்த்து, ‘கப்பல் எவ்வளவு ஆழத்தில் இருக்கும்?’ என்ற கேள்வியை ‘எந்தக் கப்பலை நம்மால் தாக்க முடியும்?’ என்று மாற்றிக் கேட்டதில்தான் வெற்றி இருக்கிறது.

பெயர் வருவதற்கு முன்பே இந்தியாவில் இத்தகைய வேலை நடந்திருக்கிறது. 1926இல் ஒரிசாவில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினார்கள். பி.சி. மகலனோபிஸ் பல பத்தாண்டுகளின் மழை, வெள்ளப் பதிவுகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை என்று காட்டினார். கரையை உயர்த்துவதில் பயனில்லை, மேல்பகுதியில் நீரைத் தேக்குவதே வழி என்பது அவர் முடிவு. போருக்குப் பின் 1947இல் நேருவைச் சந்தித்த பிளாக்கெட், பிறகு பலமுறை இந்தியா வந்து அறிவியல், பாதுகாப்புத் துறைகளில் ஆலோசனை சொன்னார். 1957இல் இந்தியச் செயல்பாட்டு ஆய்வுக் கழகம் உருவாயிற்று.

இதற்கிடையே துறையின் முகம் மாறிவிட்டது. 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்தார். அதைச் சோதிக்க எடுத்துக்கொண்ட கணக்கு உணவு பற்றியது. ஒரு மனிதனுக்கு வேண்டிய ஒன்பது சத்துகளை 77 உணவுப் பொருட்களிலிருந்து மிகக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945இல் கேட்டிருந்தார். 1939ஆம் ஆண்டு விலைப்படி வருடத்துக்கு 39.93 டாலர் என்பது அவரது தோராய விடை. ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணிப்பான்களோடு 120 ஆள்-நாட்கள் உழைத்து, சரியான விடை 39.69 டாலர் என்று காட்டினார்கள்.

பின்னர் டான்ட்சிக் தன் எடையைக் குறைக்க இதே முறையைக் கணினியில் முயன்றார். முதல் விடையில் கணினி அவருக்கு 500 காலன் வினிகர் பரிந்துரைத்தது. வினிகரை நீக்கியதும் நாளொன்றுக்கு 200 இறைச்சிச் சாற்றுக் கட்டிகளைச் சாப்பிடச் சொன்னது. இவ்வளவுக்கு மேல் கூடாது என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. நமக்குச் சொல்லாமலே தெரிந்தவற்றையெல்லாம் கணக்குக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றின் பெயர்தான் கட்டுப்பாடுகள்.

மனிதருக்கு ஒத்துவராத இந்தக் கணக்கு மாடுகளுக்கு நன்றாகவே ஒத்துவந்தது. 1951இலேயே பிரெடெரிக் வா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கறவை மாட்டுத் தீவனத்தின் செலவைக் குறைக்க நேரியல் நிரலாக்கத்தைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதினார். புண்ணாக்கு, தவிடு, தானியம் ஆகியவற்றின் விலைகள் மாற மாறக் கலவையை மாற்றுவது இன்று தீவன ஆலைகளின் அன்றாட வேலை. ஊரக மேலாண்மை வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் கிடைப்பது அரிது.

கட்டுப்பாடு என்ற சொல்லின் முழுக்கனத்தையும் அறிய, குஜராத்தின் கேடா மாவட்டத்துக்குப் போக வேண்டும். திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் 1946இல் பதிவான பால் உற்பத்தியாளர் சங்கம் (பின்னாளைய அமுல்) 1948இல் நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலோடு வேலையைத் தொடங்கியது. வர்கீஸ் குரியன் 1949இல் ஆனந்துக்கு வந்தார். எருமைகள் குளிர்காலத்தில் அதிகமாகப் பால் கொடுக்கும், கோடையில் குறைந்துவிடும். பம்பாய்ச் சந்தையோ குளிர்காலத்து உபரியை முழுவதும் ஏற்கவில்லை. ஒரு வணிக நிறுவனமாக இருந்தால் விடை எளிது: குளிர்காலத்தில் கொள்முதலைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் உறுப்பினர் கொண்டுவரும் பாலைத் திருப்பி அனுப்பினால் கூட்டுறவு என்ற சொல்லுக்கே பொருளில்லை.

பாலை மறுப்பதில்லை என்பதைச் சங்கம் மாற்றமுடியாத கட்டுப்பாடாக வைத்துக்கொண்டது. பிறகு மற்றவை மாற வேண்டியதாயிற்று. எருமைப் பாலிலிருந்து பால்மாவு தயாரிக்க முடியாது என்ற நம்பிக்கையை எச்.எம். தலாயா உடைத்தார். 1955இல் பால்மாவு ஆலை திறக்கப்பட்டது. குளிர்காலத்து உபரி, மாவாகிக் கோடைக்குக் காத்திருந்தது. பாடநூல் இதைக் கையிருப்புக் கணக்கு என்று சொல்லும். அந்தக் கணக்கைப் பிறப்பித்தது ஒரு வாக்குறுதி.

இந்தப் பின்னணியில்தான் 1979இல் ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கழகம், இர்மா, தொடங்கப்பட்டது. நாட்டின் மேலாண்மைப் பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் நகர நிறுவனங்களுக்கே சென்றார்கள். கூட்டுறவுகளுக்கு அதே அளவு பயிற்சி பெற்றவர்கள் தேவை என்பது குரியனின் வாதம். மாணவர்கள் சில வாரங்கள் கிராமத்தில் தங்கிப் பயில்வது அங்கே படிப்பின் பகுதியாயிற்று.

அதே 1979இல், இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ரஸ்ஸல் அகாஃப், செயல்பாட்டு ஆய்வின் எதிர்காலம் முடிந்துபோய்விட்டது என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேலாளர்கள் எதிர்கொள்வது தனித்தனிக் கணக்குகளை அல்ல, ஒன்றோடொன்று பின்னிய சிக்கல்களை. துறையோ கணித நுட்பத்தில் மயங்கிக் களத்தை மறந்துவிட்டது என்பது அவரது குற்றச்சாட்டு. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் கிராமத்தில் தங்கிப் பயில வைக்கும் ஒரு படிப்பு, அறிந்தோ அறியாமலோ அகாஃபின் குறைக்குப் பதிலாகவும் அமைகிறது. பிளாக்கெட்டின் குழு செய்த வேலையும் அதுதானே.

இனி அந்தப் பத்தாவது கிராமத்துக்குத் திரும்புவோம். அதைச் சேர்த்து ஒருமுறையும் விட்டு ஒருமுறையும் கணக்கிட்டால், அந்த ஊருக்கு வண்டி அனுப்புவதன் செலவு ரூபாய்க் கணக்கில் கிடைத்துவிடும். நேரியல் நிரலாக்கத்தில் இதற்கு நெருங்கிய ஓர் அழகான கருத்து உண்டு. ஒரு கட்டுப்பாட்டைச் சிறிது தளர்த்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். அதற்கு நிழல் விலை என்று பெயர்.

நிழல் விலை கட்டுப்பாட்டை மீறச் சொல்வதில்லை. அதைக் காப்பாற்ற என்ன செலவாகிறது என்று மட்டுமே சொல்கிறது. இதைச் சரியாகக் கற்ற மாணவர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, ‘அந்த ஊருக்கு வண்டி அனுப்ப இவ்வளவு செலவாகிறது; கொடுக்கச் சம்மதமா?’ என்று கேட்பார். அரைகுறையாகக் கற்றவர் அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியலிலிருந்து அந்த ஊரின் பெயரை அடித்துவிடுவார். இருவரும் போட்டது ஒரே கணக்குதான். முன்னவர் முடிவை அதற்குரியவர்களிடம் விட்டார். பின்னவர் அதைத் தாமே எடுத்துக்கொண்டார். அடித்துவிட்ட பெயருக்குப் பின்னால் ஒற்றை எருமையை நம்பி வாழும் சில குடும்பங்கள் இருக்கின்றன. லாரி வராத ஊரில் பழைய இடைத்தரகர் மீண்டும் வருவார். அவர் சொல்வதே விலையாகும்.

குரியன் 2012இல் மறைந்தார். 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி இர்மா திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. கணிப்பான்களின் காலம் போய், எழுத்தர்கள் 120 ஆள்-நாட்கள் போட்ட கணக்கை நொடிப்பொழுதில் முடிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கணக்கைப் போடுவது எளிதாகிவிட்ட காலத்தில், எதைக் குறிக்கோளாக எழுதுவது, எதைக் கட்டுப்பாடாக எழுதுவது, அதை யார் எழுதுவது என்பதையே ஆசிரியர்கள் அதிக நேரம் கற்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குப் பத்தாவது கிராமத்துக்கு மாணவர் ஒருமுறையாவது பால் வண்டியில் போய்வர வேண்டும்.