வூஸ்டர்: மெட்டல்கோர் கூடிய ஊர்

மெட்டல்கோர் இசை எங்கே வளர்ந்தது என்று கேட்டால் குழுக்களின் பெயர்களைச் சொல்வதுதான் வழக்கம். பாடியவர்களைச் சற்றே ஒதுக்கிவிட்டு, அவர்கள் பாடிய கட்டடம் எது என்று கேட்டால் விடை இன்னும் துலக்கமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 65 கிலோமீட்டரில் உள்ள நகரம் வூஸ்டர். அதன் மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது பல்லேடியம் அரங்கு. 1928இல் பிளைமவுத் தியேட்டர் என்ற பெயரில் திறக்கப்பட்டது. நெடுங்காலம் சினிமா ஓடியது. பின்னாளில் கச்சேரி அரங்காக மாறியது. பால்கனியோடு சேர்த்து இரண்டாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். ‘நியூ இங்கிலாந்து மெட்டல் அண்ட் ஹார்ட்கோர் ஃபெஸ்டிவல்’ 1999இல் தொடங்கியது இங்கேதான். ஹார்ட்கோர் பங்க் ரசிகர்களும் ஹெவி மெட்டல் ரசிகர்களும் அதுவரை பெரும்பாலும் தனித்தனிக் கூட்டங்கள். அவர்களை ஆண்டுதோறும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தியது அந்த விழா. இரண்டும் கலந்த மெட்டல்கோர் ஒரு தனி மரபாக நிலைபெற இந்த அரங்கும் அது இருந்த இடமும்தான் பெருங்காரணம் என்பது என் முடிவு.

இதற்கு மாறாக, பலருக்கும் பிடித்த கதை ஒன்று உண்டு. ஆலைகள் மூடிய ஊரின் ஆத்திரம்தான் இந்த இரைச்சல் என்பது அது. வூஸ்டருக்கு அந்தக் கதை பொருந்துவது போலவே தோன்றும். 1828இல் பிராவிடன்ஸ் வரை பிளாக்ஸ்டோன் கால்வாய் வெட்டி வளர்ந்த ஊர் இது. வாஷ்பர்ன் அண்ட் மோயன் ஆலையில் முள்கம்பி முதல் பியானோ கம்பி வரை இழுத்தார்கள். நார்ட்டன் நிறுவனம் சாணைக்கற்கள் செய்தது. தொழிலாளர் குடும்பங்கள் மாடிக்கு ஒன்றாகக் குடியிருந்த மூன்றடுக்கு மரவீடுகள் இன்றும் தெருத்தெருவாக நிற்கின்றன. ஆனால் ஆலைகளை இழந்த ஊர்கள் நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் ஏராளம். லோவலும் ஃபால் ரிவரும் இழந்தன. அங்கெல்லாம் இப்படியொரு விழா வேர்பிடிக்கவில்லையே. ஆத்திரம் எல்லா ஊரிலும் இருந்திருக்கலாம். பாஸ்டன், பிராவிடன்ஸ், ஸ்பிரிங்ஃபீல்ட், ஹார்ட்ஃபோர்ட் ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் ஒன்றரை மணி நேரத்தில் காரில் வந்து சேரக்கூடிய பெரிய அரங்கு எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை.

மெட்டல்கோர் வளர்ந்த கதையில் வயது வரம்புக்கும் பங்கு உண்டு. மாசசூசெட்ஸில் மது அருந்தும் வயது 1985இல் 21 ஆனது. மதுக்கூடங்களை நம்பி நடந்த கச்சேரிகளுக்குப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் போவது கடினம். உள்ளே விட்டாலும் மது கொடுக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாகப் புறங்கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போடுவார்கள். குடியையும் போதையையும் விலக்கிய ஹார்ட்கோர் இளைஞர்கள் அந்தக் குறியையே தங்கள் கொள்கைச் சின்னமாக ஆக்கிக்கொண்டார்கள். எல்லா வயதினரையும் அனுமதிக்கும் கச்சேரிகள் இந்த இசைக்கு உயிர்நாடியாக இருந்தது இதனால்தான். மெட்டல்கோரின் ‘பிரேக்டவுன்’ கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கும். தாழ்ந்த சுருதியில் கிட்டார்கள் பாஸ் டிரம்மோடு ஒன்றாக அடிக்கும். அந்த நொடியில் கூட்டம் விலகி நடுவே களம் விடும். ஆடுவதற்கென்றே அமைத்த கட்டம் அது. ஆட இளைஞர் கூட்டம் இல்லாவிட்டால் அதற்கு வேலையே இல்லை.

முக்கியமான குழுக்கள் எதுவும் வூஸ்டரில் பிறக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கான்வெர்ஜ் 1990இல் அதே மாநிலத்தின் சேலத்தில் தொடங்கியது. கில்ஸ்விட்ச் என்கேஜ் 1999இல் வெஸ்ட்ஃபீல்டில். ஆல் தட் ரிமெய்ன்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டில். ஆனால் சந்தை கூடும் ஊரில்தான் நெல் விளைய வேண்டும் என்பதில்லை. இந்தக் குழுக்களின் ஆள்பட்டியலைப் பார்த்தாலே அவை எவ்வளவு நெருங்கிப் பழகின என்பது தெரியும். ஓவர்காஸ்ட் என்ற குழு கலைந்தபின் அதன் பாஸ் கலைஞர் மைக் டி’அன்டோனியோ கில்ஸ்விட்ச் என்கேஜுக்குப் போனார். பாடகர் பிரையன் ஃபேர் ஷேடோஸ் ஃபால் குழுவுக்குப் போனார். ஷேடோஸ் ஃபாலில் முன்பு பாடிய ஃபில் லபாண்ட் தொடங்கியதுதான் ஆல் தட் ரிமெய்ன்ஸ். தொலைக்காட்சிதான் இவர்களை வளர்த்தது என்பாரும் உண்டு. எம்டிவி2 ‘ஹெட்பேங்கர்ஸ் பால்’ நிகழ்ச்சியை மீண்டும் கொண்டுவந்தது 2003இல். வூஸ்டர் விழாவுக்கு அப்போது நான்கு வயது. புகழ் வந்தபின் 2005இல் கில்ஸ்விட்ச் என்கேஜ் தன் நேரடிக் கச்சேரி டிவிடியைப் படமாக்கத் தேர்ந்தெடுத்ததும் பல்லேடியத்தைத்தான்.

அந்த அரங்கை நேரில் பார்க்க விரும்புவோருக்கு, பாஸ்டன் சவுத் ஸ்டேஷனிலிருந்து வூஸ்டருக்கு நேரடி ரயில் உண்டு. கச்சேரிக்கென்று போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. எஃகுத் தொழிலதிபர் ஜான் உட்மன் ஹிக்கின்ஸ் சேர்த்த போர்க்கவசங்கள், அவருடைய அருங்காட்சியகம் 2013 இறுதியில் மூடப்பட்டபின், வூஸ்டர் கலை அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டன. அவற்றையும் மூன்றடுக்கு வீட்டுத் தெருக்களையும் பகலில் பார்த்துவிட்டு மாலையில் அரங்குக்குப் போங்கள். திரும்பும் கடைசி ரயிலை நம்பாமல் இரவு அங்கேயே தங்குங்கள்.