நட்சத்திரக் கிழவரும் மணவாளக்குறிச்சி மணலும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனால் கொஞ்சம் குனிந்து மணலைப் பாருங்கள். கறுப்பும் சிவப்புமாகக் கிடக்கும். நடுவே தேன் நிறத்தில் பொடிப்பொடியாக இருப்பது மோனசைட். அதற்குள்ளே தோரியம்!

1909-ல் இதைக் கண்டுபிடித்தவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் துப்பு. கேஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது.

சரி, இந்தத் தோரியம் எங்கே தயாரானது? பூமியில் அல்ல. சூரியனாலும் முடியாது. சூரியன் பிறப்பதற்கு முன்பே, நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதுவது போன்ற பயங்கரங்களில் உருவாகி, வாயுவோடு கலந்து, நம்மிடம் வந்து சேர்ந்தது.

இதற்குச் சாட்சி, கிழ நட்சத்திரங்கள். முதல் தலைமுறையிடம் இருந்ததெல்லாம் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். ஒவ்வொரு தலைமுறையும் சாகும்போது இரும்பு போன்றவற்றை அடுத்ததற்கு விட்டுப்போகும். ஆகவே, இரும்பு ரொம்பக் குறைவா? ஆள் பெரும்பாலும் கிழவர்!

2001-ல் கெய்ரல் குழுவினர் அப்படியொரு கிழவரின் ஒளியைப் பிரித்து, தோரியத்தோடு யுரேனியத்தையும் கண்டார்கள். யுரேனியம் பாதியாகக் குறைய சுமார் 450 கோடி வருஷம். தோரியத்துக்கு 1,400 கோடி. இரண்டின் விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டதில் வயது சுமார் 1,250 கோடி, முன்னே பின்னே 300 கோடி! நமது பால்வீதி சிறுபிள்ளையாக இருந்தபோதே தோரியம் இருந்திருக்கிறது.

இன்று மணலை அள்ளினால் கதிர்வீச்சு குறையும் என்கிறது ஆலைத் தரப்பு. கரையே போய்விடும் என்கிறார்கள் கடலோர மக்கள். தோரியத்துக்கு அவசரமில்லை, வாசகரே. கரையில் குடியிருப்பவர்களுக்குத்தான் பதில் சீக்கிரம் வேண்டும்.