‘பிகின்’, ‘கொமென்ஸ்’: இரு சொற்களும் ஆங்கிலச் சமூக வரலாறும்

ஆங்கில அகராதிகளைப் புரட்டுவோர், ‘பிகின்’ என்னும் வினைக்குப் பொருளாகக் ‘கொமென்ஸ்’ என்பதும், ‘கொமென்ஸ்’ என்பதற்குப் பொருளாகப் ‘பிகின்’ என்பதும் தரப்பட்டிருத்தலைக் காண்பர். இரண்டும் தொடங்குதலைக் குறிப்பன. முன்னது பொதுவழக்கு, பின்னது சிறப்புவழக்கு என்ற ஒருவரி விளக்கத்தோடு இலக்கண ஆசிரியரும் அமைந்துவிடுகின்றனர். இவ்விளக்கம் பிழையானதென்று கூறுதற்கில்லை. ஆயினும், ஒரே செயலைக் குறிக்கும் இரு சொற்களுள் ஒன்று பாராளுமன்றத்துக்கும் நீதிமன்றுக்கும் உரியதாகவும், மற்றையது வயலுக்கும் அடுக்களைக்கும் உரியதாகவும் பிரிந்து நின்றமை எங்ஙனம் என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை. விடையை வரலாற்றிலேயே தேடவேண்டியுள்ளது.

சொற்பிறப்பை முதலில் நோக்குவோம். ‘பிகின்’ பழைய ஆங்கிலத்துக்கு உரிய சொல். யேர்மன், டச்சு ஆகிய மொழிகளில் இன்றும் அதன் உடன்பிறப்புகள் வழங்குகின்றன. ‘கொமென்ஸ்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் இலத்தீன். உட்புகுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து தொடக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் பெயர் பிறந்தது. அதனடியாக எழுந்த வினை பிரெஞ்சில் உருத்திரிந்து, பதினான்காம் நூற்றாண்டளவில் ஆங்கில எழுத்துகளில் இடம்பெறலாயிற்று. (‘ஸ்ராட்’ என்னும் மூன்றாவது சொல் முதலிற் துள்ளியெழுதலையே குறித்தது. தொடங்குதல் என்னும் பொருள் அதற்குப் பிற்காலத்திலேயே வந்து சேர்ந்தமையால் அதனை இங்கு விட்டுவிடலாம்.)

பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துட் புகுந்தமைக்குப் பலரும் கூறும் காரணம் 1066 ஆம் ஆண்டின் நோர்மானிய வெற்றியாகும். அவ்வாண்டு ஒக்ரோபர் 14இல் ஹேஸ்ரிங்ஸ் போரில் வென்ற வில்லியம், நத்தார்த் தினத்தன்று வெஸ்ற்மின்ஸ்ரரில் முடிசூடினான். வென்றோர் பிரெஞ்சு பேசினர், தோற்றோர் ஆங்கிலம் பேசினர். ஆகவே வென்றோரின் சொற்கள் உயர்ந்தனவாயும் தோற்றோரின் சொற்கள் தாழ்ந்தனவாயும் ஆயின என்பது இக்கூற்றின் சாரம். 1819 இறுதியில் வெளிவந்த ‘ஐவன்ஹோ’ என்னும் நாவலில் வால்ரர் ஸ்கொட் இதனை மறக்கவியலாத வகையிற் கூறிவிட்டார்: விலங்கு உயிரோடு மேயும்போது அதற்கு ஆங்கிலப் பெயர், இறைச்சியாகி மேசைக்கு வரும்போது பிரெஞ்சுப் பெயர் என்பது அங்கு ஒரு கோமாளியின் வாயில் வரும் எள்ளல். நாவலாசிரியனுக்கு இது போதும். வரலாற்று மாணவனுக்குப் போதாது.

காலக்கணக்கே இக்கூற்றுக்கு முதலில் இடையூறாகின்றது. வில்லியத்தின் ஆணைப்படி 1086இல் தொகுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலப்பதிவேடு, பெருநில உடைமையாளரிடையே ஆங்கிலேயர் மிகச் சிலராகக் குன்றிவிட்டமையைக் காட்டுகின்றது. ஆனால் அவ்வேடு எழுதப்பட்ட மொழி இலத்தீன். பீற்றர்பரோ மடத்துத் துறவியர் 1154 வரை தம் ஆண்டுக்குறிப்புகளை ஆங்கிலத்திலேயே எழுதினர். வெற்றிக்குப் பின்னர் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்த நிலையிலும் அக்குறிப்புகளிற் பிரெஞ்சுச் சொற்கள் அருகியே காணப்படுகின்றன. பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளம்போற் புகுந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினான்காம் நூற்றாண்டிலுமே. அக்காலத்தில் நிகழ்ந்தவை யாவை? 1204இல் யோன் மன்னன் நோர்மண்டியைப் பிரெஞ்சு அரசனிடம் இழந்தான். கடலின் இருகரையிலும் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் ஒரு கரையைத் தெரிந்துகொள்ள வேண்டியவராயினர். 1337இல் பிரான்சோடு நீண்ட போர் மூண்டது. 1362இல், பிரெஞ்சு மக்களுக்கு விளங்காத மொழியாகிவிட்டமையால் வழக்குகள் ஆங்கிலத்தில் வாதிடப்படல் வேண்டும் எனச் சட்டம் இயற்றப்பட்டது. 1385இல் யோன் திரெவீசா, இலக்கணப் பள்ளிகளிற் சிறுவர் பிரெஞ்சைக் கைவிட்டு ஆங்கிலம் வாயிலாகவே கற்கின்றனர் என்று குறித்துவைத்தார்.

ஆகவே, மேற்குடியினர் பிரெஞ்சு பேசிய காலத்திலன்றி, அதனை விட்டு ஆங்கிலத்துக்கு மீண்ட காலத்திலேயே பிரெஞ்சுச் சொற்கள் மிகுதியாக ஆங்கிலத்துட் குடியேறின என்பது மனங்கொளத்தக்கது. தாய்மொழி மாற்றிக்கொள்வோர் பழைய வீட்டின் தட்டுமுட்டுகளையும் உடன்கொண்டு வருதல் இயல்பே. வழக்குரைஞன் ஆங்கிலத்தில் வாதிடத் தொடங்கியபோது அவன் தொழிலுக்கு வேண்டிய சொற்கள் யாவும் பிரெஞ்சாக இருந்தன. அவற்றை அப்படியே எடுத்தாண்டான். 1362 ஆம் ஆண்டுச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டதென்பது வரலாற்றின் சிறு நகைச்சுவை.

‘கொமென்ஸ்’ பிறந்தவுடனேயே மேட்டுக்குடிச் சொல்லாயிற்று என்பதும் ஏற்கத்தக்கதன்று. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் லாங்லண்ட் இயற்றிய ‘பியேர்ஸ் பிளவ்மன்’ என்னும் நெடுங்கவிதையில் அச்சொல் குறுகிய வடிவமொன்றிற் பயின்று வருகின்றது. ஏர் உழுபவன் பெயரைத் தாங்கிய அந்நூல் வறியோர் சார்பில் நின்று செல்வரைக் கடிந்துரைப்பது. அதிற் ‘பிகின்’, ‘கொமென்ஸ்’ ஆகிய இரண்டும் அருகருகே வருகின்றன; ஒன்றை உயர்வென்றும் மற்றதைத் தாழ்வென்றும் கவிஞர் கருதியமைக்குச் சான்றில்லை. பிரிவு பின்னரே ஏற்பட்டதாதல் வேண்டும்.

மறுபுறம், ‘பிகின்’ தாழ்ந்த சொல்லாக எக்காலத்தும் இருந்ததில்லை. விக்கிளிவ் வழிவந்தோரின் பதினான்காம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பிலும், ரின்டேலின் 1530 ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலும், 1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திலும் உலகப் படைப்பின் தொடக்கத்தைக் குறிக்க வந்தது இச்சொல்லின் பெயர்வடிவமே. ஏர் ஓட்டும் சிறுவனுக்கும் வேதம் விளங்கவேண்டும் என்ற ரின்டேலின் நோக்கம் நாம் அறிந்ததே. அனைத்துக்கும் மேலான தொடக்கத்துக்கு எளிய சொல்லே பொருத்தமாயிற்றென்றால், உயர்வு தாழ்வு என்னும் அளவுகோல் இவ்விரு சொற்களுக்கும் பொருந்தாதென்பது தெளிவு.

அவ்வாறாயின் பிரித்தது எது? நிறுவனம் என்பதே எமது கருத்து. ஒன்று தானே தொடங்குதல் வேறு. ஒன்று இன்ன நாளிலிருந்து தொடங்கியதாகக் கொள்ளப்படும் என அதிகாரம் பெற்ற ஓர் அமைப்பு விதித்தல் வேறு. மழையும் நோயும் பகையும் தாமே தொடங்குவன. வழக்கும் ஆட்சியும் சட்டமும் தொடக்கிவைக்கப்படுவன. இவ்விரண்டாம் வகைத் தொடக்கங்கள் நிகழ்ந்த இடங்களில் நெடுங்காலம் பிரெஞ்சும் இலத்தீனுமே ஆட்சி செலுத்தின. 1650இல் குடியரசுப் பாராளுமன்றம் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தையே கட்டாயமாக்கியது. 1660இல் மன்னராட்சி மீண்டபோது அச்சட்டம் செல்லாதாயிற்று. இறுதியில் 1733 மார்ச் 25 முதலே நீதிமன்றப் பதிவுகள் ஆங்கிலத்துக்கு மாறின. அதற்குள் ‘கொமென்ஸ்’ சட்டத்தாரின் சொல்லாக உறுதிப்பட்டுவிட்டது.

பல்கலைக்கழகத்தாராகிய நமக்கு நெருங்கிய சான்றொன்றும் உண்டு. கேம்பிறிட்ஜில் பட்டமளிப்புச் சடங்குக்குப் பழம்பெயர் ‘கொமென்ஸ்மென்ற்’. ஹாவாட் கல்லூரி 1642இல் தன் முதற் பட்டமளிப்பை நடத்தியபோது அவ்வழக்கைப் பின்பற்றியது. அமெரிக்காவில் இன்றும் அச்சொல் வழங்குகின்றது. கற்கை முடியும் நாளுக்குத் தொடக்கம் என்று பெயரிடுவதா எனப் பலர் வியப்பர். இனிமேல்தான் வாழ்க்கை தொடங்குகின்றது என்று மேடைப் பேச்சாளர் விளக்கமும் தருவர். உண்மை வேறு. இடைக்காலப் பல்கலைக்கழகத்திற் பட்டம் என்பது கற்பிக்கும் உரிமம். அச்சடங்கிற் புதிய ஆசான் தன் கற்பித்தலை முறைப்படி தொடங்கி, ஆசிரியர் குழாத்தின் உறுப்பினனாக ஏற்கப்பட்டான். அவன் அறிவு என்று தொடங்கிற்றென்பதைப் பற்றி அச்சடங்குக்குக் கவலையில்லை. அவன் தகுதி என்று தொடங்கிற்றென்பதையே அது பதிந்தது.

இவ்வேறுபாடு நாடு முழுவதன் அன்றாட வாழ்விலும் நிலவியமைக்கு ஆங்கிலேய நாட்காட்டியே தக்க சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தில் ஆண்டின் எண் மாறியது மார்ச் 25இல், மரியாளுக்கு மங்களவார்த்தை சொல்லப்பட்ட திருநாளன்று. ஆனால் மக்கள் புத்தாண்டு நாள் என்று வழங்கியதும் பரிசுகள் பரிமாறியதும் சனவரி முதலாந் திகதியன்றே. சாமுவேல் பீப்ஸ் தமது புகழ்பெற்ற நாட்குறிப்பை 1660 சனவரி முதலாந் திகதி தொடங்கினார். சட்டப்படி அன்று 1659 ஆம் ஆண்டே நடந்துகொண்டிருந்தது. முதலாம் சாள்ஸ் மன்னன் கொலைத்தண்டனைக்கு உள்ளான நாள் நமது நூல்களில் 1649 சனவரி 30. அவனைத் தண்டித்தோரின் ஏடுகளில் அது 1648. சனவரிக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட ஆங்கில ஆவணமொன்றைக் கையிலெடுக்கும் ஆய்வாளன் இதனை மறந்தால் ஓராண்டு பிழைபடுவான். விளைவைக் காரணத்துக்கு முன்வைத்துவிடவும் கூடும். மக்களின் ஆண்டு ஒரு நாளிலே தொடங்க, அரசின் ஆண்டு மற்றொரு நாளிலே தொடங்கிய இந்நிலை ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் நீடித்தது.

செஸ்ரபீல்ட் பிரபு 1751இல் கொண்டுவந்த சட்டமே இதனை மாற்றியது. அச்சட்டத்தின் நெடும்பெயரில் ஆண்டின் தொடக்கத்தை ஒழுங்குபடுத்தல் என்னும் தொடர் உண்டு. அங்கு வரும் சொல் ‘கொமென்ஸ்மென்ற்’ என்பதே. அதன்படி மார்ச் 25இல் தொடங்கிய 1751 ஆம் ஆண்டு டிசெம்பர் 31இல் முடிந்து, 282 நாட்களே கொண்ட குறையாண்டாயிற்று. 1752 செப்ரெம்பர் 2ஐ அடுத்த நாள் செப்ரெம்பர் 14 ஆயிற்று. இழந்த பதினொரு நாட்களைத் திருப்பித் தருமாறு மக்கள் கலகம் செய்தனர் என்பது நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்ற கதை. ஹோகாத்தின் ஓவியமொன்றிலிருந்து பெருகிய இக்கதைக்குத் தக்க ஆதாரமில்லை என்பதைப் பின்வந்த ஆய்வாளர் காட்டியுள்ளனர். வரி அறவிடுவோர் மட்டும் பழைய கணக்கை முற்றாக விடவில்லை. பிரித்தானியாவின் வரியாண்டு இன்றும் ஏப்பிரல் 6இல் தொடங்குவது அப்பழைய மார்ச் 25இன் எச்சமே.

விதிக்கப்பட்ட தொடக்கம் ஒருவனின் விடுதலையையே பறிக்கக்கூடியது என்பதற்கும் ஆங்கிலச் சட்ட வரலாற்றிற் சான்றுண்டு. 1793 வரை, வேறு திகதி குறிக்கப்படாத ஒரு சட்டம், அது நிறைவேறிய பாராளுமன்றக் கூட்டத்தொடரின் முதல் நாளிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. நவம்பரிற் கூட்டத்தொடர் தொடங்கி மே மாதத்தில் அரச இசைவு கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். பெப்புருவரியில் எவ்விதத் தடையுமின்றி ஒரு பண்டத்தை ஏற்றுமதி செய்த வணிகன், மேயில் உண்டான சட்டத்தைப் பெப்புருவரியில் மீறியவனாவான். நடந்த காலத்திற் குற்றமில்லாத செயல், பின்னோக்கிக் குற்றமாகியது. இவ்வநீதியை நீக்கவே 1793 ஆம் ஆண்டுச் சட்டம், இசைவு வழங்கப்பட்ட நாளை ஒவ்வொரு சட்டத்தின் தலைப்பிலும் எழுத்தர் பொறித்தல் வேண்டும், வேறு நாள் குறிக்கப்படாவிடின் அந்நாளே அதன் தொடக்கம் என விதித்தது.

இச்சட்டமொழி பிரித்தானிய ஆட்சியோடு இலங்கைக்கும் வந்தது. ஆங்கிலத்தில் ஆக்கப்பட்ட கட்டளைச் சட்டங்களைத் தமிழாக்க நேர்ந்தபோது இரு ஆங்கிலச் சொற்களுக்கும் ‘தொடங்குதல்’ என்ற ஒரே சொல்லை ஆண்டிருந்தால் நாம் மேலே கண்ட வேறுபாடு மறைந்துபோயிருக்கும். ‘ஆரம்பித்தல்’ என்பதை மற்றையதற்கு ஒதுக்கலாமெனின், அது தமிழிற் பேச்சுக்கும் எழுத்துக்கும் ஒருங்கே உரியது. விதித்தலின் சாயல் அதில் இல்லை. நம் நாட்டுச் சட்டங்களின் தமிழ் வாசகத்திற் காணப்படும் ‘நடைமுறைக்கு வருதல்’ என்னும் தொடர் இவ்விடத்தைச் செவ்வனே நிரப்புகின்றது. ஆங்கிலேயர் அயன்மொழியிலிருந்து பெற்ற ஒரு சொல்லாற் சுட்டியதைத் தமிழ் தன் சொற்களிரண்டைச் சேர்த்துச் சுட்டிக்கொண்டது.