லிங்கராஜபுரமும் இருப்புப்பாதையும்

பெங்களூரின் வடகிழக்கில், தமிழர் மிகுதியாகக் குடியேறிய தண்டுப் பகுதியை அடுத்து அமைந்தது லிங்கராஜபுரம். 1809இல் நிறுவப்பெற்ற தண்டுக்குச் சென்னை இருப்புப்பாதைக் குழுமம் ஜோலார்பேட்டையிலிருந்து 1864இல் தடம் அமைத்தது. படைத்தளத்தோடு நின்ற அத்தடம் பழைய நகரை எட்ட 1882 வரை காலமாயிற்று.

நகருக்கும் தண்டுக்கும் தனித்தனியே இருந்த நகராட்சிகள் 1949இல் ஒரே மாநகராட்சியாயின. நகரம் புறத்தே விரிந்தபோது, ஊர்களை இணைத்த தண்டவாளங்களே தெருக்களைப் பிரித்தன. லிங்கராஜபுரத்தில் தண்டவாளத்தைக் கடக்கும் மேம்பாலம் அப்பிரிவுக்குப் பிற்காலத்தார் கண்ட தீர்வாகும்.

சென்னைக்குரிய தொலைவு முதலிலேயே கணக்கிடப்பட்டது; அடுத்த தெருவுக்குச் செல்வோரின் தொலைவோ காலந்தாழ்ந்தே கணக்கில் வந்தது. எனவே, கட்டமைப்பு வரலாறு திறப்பு ஆண்டுகளோடு நில்லாது, தடத்தின் இருமருங்கிலும் காத்து நின்றோரையும் பதிவு செய்தல் வேண்டும்.