சிலோன் எடுக்குமா, வைஃபை நிக்குமா?

“அண்ணே, இந்த மாடல்ல வைஃபை கட் ஆவுதாமே?”

விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்குள் நுழையும் கத்திவாக்கத்துக் குடும்பம் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி இது. விலை படிந்திருக்கும். பிள்ளைக்கு நிறமும் பிடித்திருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் அதே மாடலை வாங்கி, பாதி வகுப்பில் இணைப்பு அறுந்து தவித்த கதை அப்பாவின் காதில் விழுந்திருக்கும். கையில் இருப்பது சீட்டு எடுத்த பணம். “ரெண்டு நாள் கழிச்சு வர்றோம்ணே” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவார்கள். கடைக்காரருக்கு வியாபாரம் கைநழுவிய வருத்தம். ஆனால் அந்த அப்பாவின் தயக்கத்துக்குச் சென்னையில் நூறு வயதாகிறது.

1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சில நண்பர்களுடன் சேர்ந்து மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பமானது. முதலில் இருந்த ஒலிபரப்புக் கருவியின் திறன் வெறும் 40 வாட். ஒரு குண்டு பல்பு எரியும் அளவுதான். அந்தச் சன்னமான அலையைப் பிடிக்க ஒரு செட் வாங்கலாமா என்று யோசித்தவர்கள் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். கிளப் மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 1927-ல் பணமில்லாமல் மூடப்பட்டது. நம்பி வாங்கியவர் வீட்டில் செட் ஊமையாக உட்கார்ந்திருந்தது. கருவியை மாநகராட்சி ஏற்று, 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி ஊருக்கே பாட்டுப் போட்டது. சொந்தமாக வாங்கத் தயங்கியவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்த பிறகுதான் செட் வாங்கும் துணிச்சல் மெல்ல வந்தது.

துணிச்சல் வந்தாலும் சட்டம் குறுக்கே நின்றது. 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வானொலிப் பெட்டி வைத்திருப்பதே குற்றம். தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பித்த அப்பாக்களையும் தாத்தாக்களையும் இன்றைக்கும் பலருக்கு நினைவிருக்கும். 1980களில்தான் அது ஒழிந்தது.

அந்தக் காலத்தில் ரேடியோ கடையில் கேட்கப்பட்ட கேள்வி, “சிலோன் எடுக்குமா?” என்பதுதான். பெட்டியின் மரம் தேக்கா, வால்வு எத்தனை, பேண்ட் எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை சிற்றலையில் வந்தது. சிற்றலை கடல் அலை போலவே ஏறி இறங்கும். பல்லவி தெளிவாகக் கேட்கும், சரணம் கரகரக்கும். கடையில் பளிச்சென்று பாடிய பெட்டி வீட்டுக்கு வந்ததும் இருமியது. வாங்கியவர் மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே செம்பு வலைப்பட்டையை ஏரியலாக இழுத்துக் கட்டி, ஒயரை ஜன்னல் வழியே இறக்கினார். பெட்டியின் தரம் பாதி, ஏரியல் கட்டிய கை பாதி.

கத்திவாக்கம் போன்ற ஊரில் இதில் ஒரு கூடுதல் பாடும் இருந்தது. கிழக்கே கடல், வடக்கே எண்ணூர் முகத்துவாரம். உப்புக்காற்று எந்த உலோகத்தையும் சும்மா விடாது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி வந்தபின் கூரைகளில் முளைத்த அலுமினிய ஆன்டெனாக்களின் திருகுகள் இங்கே சீக்கிரமே துருவேறின. காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். மேலே ஒருவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு “இப்ப தெரியுதா?” என்று கத்த, கீழேயிருந்து “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்… ஆங், விட்றாதே!” என்று குரல் வரும். வடசென்னையின் ஒரு தலைமுறை முழுக்க அந்தக் கம்பத்தைப் பிடித்து வளர்ந்தது. சிக்னல் என்பது பெட்டிக்குள் இருப்பதல்ல, இடத்தைப் பொறுத்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

குப்பங்களில் இந்தப் பாடத்துக்கு விலை உயிர். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், பெரியகுப்பம், சின்னக்குப்பம் என்று இந்தக் கரையில் வாழ்பவர்களுக்கும், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கும், செல்போன் கோபுரத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பது கைரேகை போலத் தெரியும். அதைத் தாண்டினால் வயர்லெஸ் செட்தான் துணை. அதன் வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்தால் கேட்காது. ஆன்டெனாவைக் கம்பத்தின் உச்சியில் கட்டினால் எட்டும் தூரம் கூடும், கீழே கட்டினால் குறையும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கிளம்பியபோது, கன்னியாகுமரிக் கரையிலிருந்து முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளை எச்சரிக்கை எட்டவில்லை. இணைப்பு எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி தமிழ்நாட்டில் இல்லை. அதன் பிறகு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் ‘ஜெமினி’ என்ற கருவி 2019-ல் வந்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. கரை சொல்வது கடலுக்குக் கேட்கும். கடல் பதில் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் வைஃபை வந்து சேர்ந்தது.

அதன் பிறப்பே ஒரு ஒண்டுக்குடித்தனத்தில்தான். 1985-ல் அமெரிக்க அரசு, மைக்ரோவேவ் அடுப்பு முதலிய கருவிகள் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்த சில அலைவரிசைகளை, உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் தகவல் அனுப்பப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அவற்றில் ஒன்று. 1997-ல் 802.11 என்ற பொதுத் தரம் எழுதப்பட்டது. 1999 ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஆப்பிளின் ஐபுக் லேப்டாப்பைக் கையில் தூக்கி, ஒயர் எதுவும் இல்லை என்று காட்ட ஒரு வளையத்தை அதைச் சுற்றி ஓட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. 2003-ல் இன்டெல் ‘சென்ட்ரினோ’ ஒட்டிய லேப்டாப்புகளைச் சந்தைக்கு அனுப்பியதும் வைஃபை இல்லாத லேப்டாப் பழசாகிவிட்டது.

இந்தியாவில் 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் முழுமையாக உரிமத்திலிருந்து விடுபட்டது. ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் வைத்திருந்த வீடு, அதைவிடச் சிக்கலான ஒலிபரப்புக் கருவியை யாரிடமும் கேட்காமல் மாட்டிக்கொள்ளலாம் என்றானது. பெரிய விடுதலைதான். கூடவே நெரிசலும் வந்தது. அந்த அலைவரிசையில் 13 சேனல்கள் இருந்தாலும், ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் முப்பது ரௌட்டர்கள் அந்த மூன்றில் முண்டியடித்தால் எந்த லேப்டாப்தான் நிற்கும்? அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்த லேப்டாப் வீட்டு வைஃபையைக் கண்டே பிடிக்காத கதையும் உண்டு. அந்த நாட்டு அமைப்பில் 12, 13 சேனல்களை அது தேடாது. வீட்டு ரௌட்டர் 13-ல் உட்கார்ந்திருக்கும். இரண்டிலும் பழுது இல்லை, வீட்டில் சண்டை மட்டும் நடக்கும்.

ஆனால் பழுது லேப்டாப்பிலேயே இருந்த காலங்களும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால், தயங்கும் அப்பாவுக்கு அநியாயம் செய்ததாகும். 2001-ல் வந்த ஆப்பிளின் டைட்டானியம் பவர்புக் அழகில் யாரையும் மயக்கியது; ஆனால் உலோக உடம்பு அலையைத் தடுத்ததால், மலிவான பிளாஸ்டிக் ஐபுக்கை விட மோசமாகவே சிக்னல் பிடித்தது. 2012-ல் இன்டெல் தானே ஒரு ஆய்வறிக்கையில் ஒப்புக்கொண்டது: யு.எஸ்.பி. 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்புகின்றன. ஹார்ட் டிஸ்க்கைச் சொருகியதும் வைஃபை தடுமாறுவதன் ரகசியம் அதுதான். 2013 ஜூனில் வந்த மேக்புக் ஏர் வைஃபை அறுபடுகிறது என்று வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். அடுத்த மாதமே ஆப்பிள் அதற்கென ஒரு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. முதல் மாதத்தில் வாங்கியவர் தவித்தார், காதில் விழுந்த புகாரை மதித்து ஒரு மாதம் பொறுத்தவர் பிழைத்தார்.

ரிச்சி தெருவின் பழுதுபார்க்கும் மேசையில் ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றும்போது பார்க்க வேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு வைஃபை கார்டு. அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள், ஒன்று கறுப்பு, இன்னொன்று வெள்ளையோ சாம்பலோ. இரண்டும் கீல் வழியே வளைந்து ஏறித் திரையின் ஓரத்துக்குப் போகும். அங்கே ஒளிந்திருக்கும் தகடுதான் ஆன்டெனா. அன்று மூங்கிலில் கட்டிய செம்பு ஏரியலின் பேரன். ஒயரின் முனை மிளகளவு கூட இருக்காது. சட்டைப் பொத்தான் போல அமுக்கினால் ஒட்டும், கீழே விழுந்த அதிர்ச்சியில் விட்டுப் போகும். விலை குறைக்க ஒரே ஆன்டெனாவோடு வந்த மாடல்களும் இருந்தன. அது பெட்டியின் மேல் எழுதப்பட்டிருக்காது. “வைஃபை உண்டு” என்று மட்டும்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் தயங்க வாய்ப்பே தராமல் லேப்டாப் வந்த காலமும் ஒன்று உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தார். கத்திவாக்கம் அப்போது அதே மாவட்டத்தில் தனி நகராட்சி. அடுத்த மாதம்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அனல் மின்நிலையத்தில் கூலி வேலை பார்த்தவர் வீட்டிலும் வலை பின்னியவர் வீட்டிலும் முதல் கணினி அதுதான். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் அந்த வகையில் போயின. தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் அவற்றில் இருந்தது. லினக்ஸ்காரர்களிடையே “வைஃபை வருமா?” என்பது அப்போது தீராத கேள்வி. பிராட்காம் நிறுவனம் தன் வைஃபை சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை 2010 செப்டம்பரில்தான் தந்தது. அதுவரை ஐ.ஐ.டி.யில் கூடிய சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் போன்றவர்கள், லேப்டாப் வாங்கும் முன் உள்ளே எந்தச் சிப் என்று விசாரித்துவிட்டே வாங்கினார்கள். ரேடியோ கடையில் வால்வு எண்ணைப் பார்த்தவர்களின் அதே பழக்கம்.

2020-ல் கொரோனாவால் வகுப்பு வீட்டுக்குள் வந்தபோது விசாரிக்க நேரமில்லை. 2021 ஜனவரி முதல் நான்கு மாதங்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவைக் கல்லூரி மாணவர்களுக்கு அரசு இலவசமாகத் தந்தது. டேட்டா கிடைத்தது, கான்கிரீட் சுவர் வழிவிடவில்லை. எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பு போன்ற அடுக்குமாடிகளில் சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி வைஃபையை விழுங்கிவிடும். பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தார்கள். அந்தப் படிக்கட்டில் படித்த பிள்ளைகளின் பெற்றோர்தான் இன்று கடையில் நின்று தயங்குகிறார்கள். அவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்க யாருக்கும் உரிமையில்லை.

எனவே கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ரேடியோ கடையில் சிலோனைப் பிடித்துக் காட்டிய பிறகே பெட்டியைக் கட்டிக்கொடுப்பார்கள். அதுபோல, வாங்க வந்தவரின் செல்போன் ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்பில் இணைத்து, அந்தப் போனை எடுத்துக்கொண்டு அவரைக் கடை வாசல் வரை நடக்கச் சொல்லுங்கள். திரையை மூடித் திறந்து, இணைப்பு தானாக ஒட்டுகிறதா என்று காட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். அதன் பிறகு பில் போடுங்கள்.