இந்தியாவில் டிக்டாக் தடை

டிக்டாக் என்பது சீனாவின் பைட்டான்ஸ் நிறுவனம் உருவாக்கிய குறுங்காணொளிச் செயலி. இந்தியாவில் இச்செயலி இருமுறை தடைசெய்யப்பட்டது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்த தடை மூன்று வாரங்களில் நீங்கியது. 2020-ல் மத்திய அரசு விதித்த தடை நிலைத்துவிட்டது. முன்னதற்குக் காரணம் காணொளிகளின் உள்ளடக்கம். பின்னதற்குச் சொல்லப்பட்ட காரணம் பயனர்களின் தரவு.

மதுரைக் கிளையின் தடை (2019)

டிக்டாக் சிறார்களைச் சீரழிக்கிறது என்ற புகார் தமிழகத்தில் பரவலாக எழுந்தது. இது தொடர்பான பொதுநல வழக்கில் நீதிபதிகள் என். கிருபாகரன், எஸ்.எஸ். சுந்தர் அமர்வு 2019 ஏப்ரல் 3 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்க வேண்டும், அதில் எடுத்த காணொளிகளை ஊடகங்கள் ஒளிபரப்பக் கூடாது என்றது. அமெரிக்காவில் இருப்பதுபோல், இணையத்தில் சிறார்களின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் இங்கும் வருமா என்றும் மத்திய அரசிடம் கேட்டது. கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து செயலி நீக்கப்பட்டது. எனினும் ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் கைபேசியில் அது இயங்கியது. ஏப்ரல் 24 அன்று நிபந்தனைகளுடன் தடை விலக்கப்பட்டது.

மத்திய அரசின் தடை (2020)

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. இரு வாரம் கழித்து, ஜூன் 29 அன்று, டிக்டாக், ஹெலோ, ஷேர்இட், யூசி பிரவுசர், கேம்ஸ்கேனர் உள்ளிட்ட 59 செயலிகள் தடைசெய்யப்பட்டன. பயனர்களின் தரவு அனுமதியின்றி வெளிநாட்டு வழங்கிகளுக்கு அனுப்பப்படுகிறது என்றும், அது நாட்டின் இறையாண்மைக்கும் பாதுகாப்புக்கும் கேடு என்றும் அரசு கூறியது. சீன அரசுக்குத் தரவு எதையும் தரவில்லை என்று டிக்டாக் மறுத்தது. ஆனால் சீனாவின் 2017-ஆம் ஆண்டு தேசிய உளவுச் சட்டம், உளவுப் பணிக்கு நிறுவனங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. ஐயத்துக்கு இதுவே வலுவான அடிப்படை.

செப்டம்பரில் பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளும் நவம்பரில் மேலும் 43 செயலிகளும் தடைப்பட்டியலில் சேர்ந்தன.

சட்ட அடிப்படை

தடைக்குப் பயன்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 69ஏ பிரிவு. இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு முதலியவற்றுக்காக இணையத் தகவலை முடக்க அது அரசுக்கு அதிகாரம் தருகிறது. தனிமனித அந்தரங்கம் அக்காரணங்களுள் இல்லை. 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி இந்நடவடிக்கைகள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். ஆதலால் எந்தச் செயலி எந்தத் தரவை எங்கே அனுப்பியது என்ற விவரம் பொதுமக்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்றே ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் 2020-ல் தரவுப் பாதுகாப்புக்கான தனிச்சட்டம் மசோதா நிலையிலேயே இருந்தது. அந்த மசோதா 2022-ல் திரும்பப் பெறப்பட்டு, வேறொரு வடிவில் 2023 ஆகஸ்டில் சட்டமானது. பயனரின் ஒப்புதல், 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதல், 250 கோடி ரூபாய் வரை அபராதம் ஆகியவை அதில் உள்ளன. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் அதில் வழி உண்டு.

விளைவும் மதிப்பீடும்

கிராமங்களிலும் சிற்றூர்களிலும் டிக்டாக்கால் அறிமுகமான கலைஞர்கள் தம்மைப் பின்தொடர்ந்தோரை ஒரே நாளில் இழந்தனர். 2020-லேயே இன்ஸ்டாகிராம் ரீல்சும் யூடியூப் ஷார்ட்சும் அந்த இடத்தைப் பிடித்தன. இவையும் வெளிநாட்டு நிறுவனங்களே. இன்று அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் வழியில், கொண்டை ஊசி வளைவில் நின்று காணொளி எடுத்துப் பதிவேற்றுபவர், இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் கேட்கும் அனுமதிப் பெட்டியில் முன்போலவே 'சரி' என்று அழுத்துகிறார். தரவு போகும் நாடு மாறியிருக்கிறது, போவது நிற்கவில்லை.

அமெரிக்காவில் 2024-ல் டிக்டாக்குக்கு எதிரான சட்டம் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக நிறைவேறியது. நிறுவனம் வழக்காடித் தோற்றது. அரசின் காரணங்களை அங்கே மக்கள் படிக்க முடிந்தது. இந்தியத் தடை எல்லைப் பாதுகாப்பு நடவடிக்கையாகப் பொருளுடையது. தனிமனிதத் தரவைக் காக்கும் பணியோ ஒரு செயலியை மூடுவதால் முடிவதில்லை. எல்லாச் செயலிகளையும் அரசையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் சட்டமே அதைச் செய்ய முடியும்.