தொலைந்துபோன ஆபீஸ் லேப்டாப்பில் உங்க ஆதார் நகல் இருந்தா..? ‘என்க்ரிப்ஷன் சான்றிதழ்’ எதுவரை காப்பாற்றும்?

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூர். சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சார்ந்த பகுதி. இங்கே ஏதோ ஒரு அலுவலகத்தின் லேப்டாப், அரியலூர் பஸ்சில் தவறிப்போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். லேப்டாப் போனால் இன்னொன்று வாங்கிக்கலாம். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், பி.எஃப் விவரம், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் பத்திர நகல் எல்லாம் அதற்குள் இருந்தால்?

"அதான் பாஸ்வேர்டு போட்டிருக்கே" என்பார்கள். விண்டோஸில் நுழையும்போது அடிக்கிற பாஸ்வேர்டு வாசல் கதவுக்கு மட்டும்தான் பூட்டு. ஹார்டு டிஸ்க்கை கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் அந்தப் பூட்டுக்கு வேலையே இல்லை. ஃபைல்களை அப்படியே திறந்து படிக்கலாம்.

ஃபுல் டிஸ்க் என்க்ரிப்ஷன் என்ன செய்யுது?

டிஸ்க்கில் எழுதப்படும் எல்லாவற்றையும், விண்டோஸையும் சேர்த்து, ஒரு ரகசிய எண்ணை வைத்து யாருக்கும் புரியாத குப்பையாக மாற்றிவிடும். அந்த எண்தான் ‘கீ’, அதாவது சாவி. சாவி இல்லாமல் டிஸ்க்கை கழற்றினாலும் பிரயோஜனம் இல்லை. விண்டோஸின் பிட்லாக்கர், ஆப்பிளின் ஃபைல்வால்ட், லினக்ஸின் லக்ஸ் எல்லாம் இந்த வகைதான்.

நூறு, ஆயிரம் லேப்டாப் வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. அதனால் ஒரு மைய சர்வரிலிருந்து எல்லா லேப்டாப்புக்கும் என்க்ரிப்ஷனை ஆன் செய்து, மீட்புச் சாவிகளையும் அங்கேயே சேமித்து வைப்பார்கள். ஊழியர் பாஸ்வேர்டை மறந்தாலும் வேலையை விட்டுப் போனாலும் ஐ.டி பிரிவு திறந்து தரும். வசதிதான். அந்த சர்வருக்குள் யாராவது நுழைந்துவிட்டால் மொத்தச் சாவிக்கொத்தும் போச்சு!

சான்றிதழ் இருந்தும் கோட்டை விட்ட கதை

இந்த மென்பொருள்களை விற்பவர்கள் முதலில் சொல்வது, "ஏ.இ.எஸ்-256 பயன்படுத்துறோம், சான்றிதழும் இருக்கு". ஏ.இ.எஸ் முறையை நேரடியாக உடைப்பது இன்றைக்கும் நடைமுறையில் முடியாத காரியம். பிரச்னை அதைச் சுற்றி இருக்கும் இடங்களில்தான் வருகிறது.

2010 ஜனவரியில் ஜெர்மனியைச் சேர்ந்த எஸ்.ஒய்.எஸ்.எஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. கிங்ஸ்டன், சான்டிஸ்க், வெர்பாட்டிம் நிறுவனங்களின் சில பென் டிரைவ்களில் ஏ.இ.எஸ்-256 இருந்தது. அமெரிக்க அரசின் எஃப்.ஐ.பி.எஸ் 140-2 சான்றும் இருந்தது. ஆனால் பாஸ்வேர்டு சரியா தப்பா என்று பார்த்தது கம்ப்யூட்டரில் ஓடிய மென்பொருள். சரி என்றதும் அது டிரைவுக்கு ஒரு ‘திற’ உத்தரவை அனுப்பும். எந்தப் பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் அந்த உத்தரவு ஒன்றேதான்! அதை நேரடியாக அனுப்பினால் டிரைவ் திறந்துகொண்டது. கிங்ஸ்டன் அந்த டிரைவ்களைத் திரும்பப் பெற்றது.

2018-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே மாதிரி ஓட்டையை க்ரூஷியல், சாம்சங் நிறுவனங்களின் சில எஸ்.எஸ்.டி-களில் கண்டுபிடித்தார்கள். டிஸ்க் தானே என்க்ரிப்ட் செய்துகொள்ளும் என்று சொன்னால், அதை நம்பி அப்போது பிட்லாக்கர் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கத்தை மாற்றியது.

இந்தியாவில் யார் சோதிக்கிறார்கள்?

மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் வரும் எஸ்.டி.க்யூ.சி இயக்ககம். ‘காமன் க்ரைட்டீரியா’ என்ற சர்வதேச விதிமுறைப்படி இங்கே சோதனை நடக்கிறது. 2013 செப்டம்பரில் சான்றிதழ் வழங்கும் நாடாக இந்தியா இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. குறிப்பிட்ட நிலை வரை இங்கே தரும் சான்று மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும், அவர்களுடையது இங்கேயும் செல்லும்.

டிஸ்க் என்க்ரிப்ஷனுக்கு என்றே தனிச் சோதனை வரைவு இருக்கிறது. அதில் இரண்டு பாகம். பாஸ்வேர்டு, ஸ்மார்ட் கார்டு வாங்கி ஆளைச் சரிபார்ப்பது ஒன்று. டிஸ்க்கை பூட்டித் திறக்கும் எஞ்சின் இன்னொன்று. ஒரு பொருள் இரண்டுக்கும் சான்று வாங்கலாம், ஒன்றுக்கு மட்டும் வாங்கலாம். விளம்பரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது.

இதைவிட முக்கியம், அந்த வரைவே போட்டிருக்கும் எல்லைக்கோடு. பவர் ஆஃப் ஆன நிலையில் தொலைந்த லேப்டாப்புக்குத்தான் பாதுகாப்பு. மூடி வைத்து ‘ஸ்லீப்’ மோடில் பையில் போட்டால், சாவி ரேம் நினைவகத்திலேயே இருக்கும். கரண்ட் போன பிறகும் ரேமில் தகவல் கொஞ்ச நேரம் தங்கும், குளிரவைத்தால் இன்னும் அதிக நேரம் தங்கும் என்பதை 2008-லேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு செய்து காட்டிவிட்டது. அதேபோல தொலைந்த லேப்டாப் திரும்பக் கிடைத்தால், அதைப் பழையபடி நம்பி பாஸ்வேர்டு அடிக்கக் கூடாது. நடுவில் யாராவது எதையாவது மாற்றி வைத்திருந்தால் சான்றிதழ் பொறுப்பேற்காது.

பின் நம்பர் கேட்காமல் தானாகவே திறக்கும் செட்டிங்கும் ஒரு பலவீனம்தான். 2024-ல் ஒரு பழைய லேப்டாப் மதர்போர்டில், சாவியை வைத்திருக்கும் டி.பி.எம் சிப்புக்கும் பிராசஸருக்கும் நடுவில் ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டு, 43 நொடியில் பிட்லாக்கர் சாவியை எடுத்துக் காட்டினார் ஒரு யூடியூபர். அதற்குப் பயன்பட்டது ராஸ்பெர்ரி பை பிகோ என்ற குட்டி போர்டு. செலவு 10 டாலருக்கும் கீழே. பூட் ஆகும் முன்பே பின் நம்பர் கேட்கும்படி வைத்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. தினமும் காலையில் கூடுதலாக ஒரு நம்பர் அடிக்கணுமா என்று ஊழியர்கள் சலித்துக்கொள்வதால் பல இடங்களில் வைப்பதில்லை.

சாவிக்கொத்து இருக்கும் சர்வர்?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? க்ரவுட்ஸ்ட்ரைக் அப்டேட் கோளாறால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்யப் போன ஐ.டி ஊழியர்களிடம் பிட்லாக்கர் கேட்டது 48 இலக்க மீட்புச் சாவி. சில நிறுவனங்களில் அந்தச் சாவிகள் இருந்த சர்வரே நீலத்திரையில் நின்றது.

அதனால் லேப்டாப்பில் ஓடும் மென்பொருளுக்குச் சான்று இருக்கிறதா என்பதோடு கேள்வி முடியாது. சர்வரும் சோதனைக்குள் வந்ததா? மீட்புச் சாவியை யார் யார் எடுக்கலாம்? எடுத்தால் பதிவாகிறதா? சான்று பெற்ற பொருளின் ‘செக்யூரிட்டி டார்கெட்’ ஆவணம் காமன் க்ரைட்டீரியா இணையதளத்திலேயே கிடைக்கும். எந்த வெர்ஷன், எதெல்லாம் சோதனைக்கு வெளியே என்று அதில் எழுதியிருப்பார்கள். விளம்பர நோட்டீஸைவிட இதைப் படிக்கலாம், போரடித்தாலும்!

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, போதிய பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் வந்த விதிகள் என்க்ரிப்ஷனை பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. இந்தக் கடமைகளுக்குத் தயாராக நிறுவனங்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் 18 மாதம்.